எதிராளி இல்லாத சாம்பியன்

சடையப்பன் கடலூர் மாவட்டக் குத்துச்சண்டையில் பல வருஷம் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தான். அத்தனை வருஷமும் மாவட்ட மேடையில் யாரையும் ஒரு குத்துகூடக் குத்தியதில்லை. கேலிக்குச் சொல்லவில்லை, நடந்ததே அதுதான். எடை குறைந்த பிரிவுகளில் பெயர் கொடுக்கப் பையன்கள் முட்டி மோதுவார்கள். கனத்த பிரிவுக்கு வந்தால் இவன் ஒருவன்தான் நிற்பான். நம் பக்கத்தில் அவ்வளவு உடம்பு வைப்பவன் அபூர்வம். வைத்தவனையும் கபடிக்காரர்கள் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே இவன் கையுறை மாட்டிக்கொண்டு மேடை ஏறுவான். எதிர்மூலைக்கு ஆள் உண்டா என்று மைக்கில் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். அங்கே ஒரு ஸ்டூலும் தண்ணீர் பக்கெட்டும் இருக்கும். நடுவர் இவன் கையைத் தூக்கிப் பிடிப்பார். வாக்கோவர். பதக்கத்தோடு கீழே இறங்கும்போது யாராவது ஒருவன் கட்டாயம் கேட்பான்: "இன்னா சாம்பியன், அடி ஜாஸ்தியோ?"

சிரித்துக்கொண்டே போய்விடுவான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது.

குடிகாட்டில் பிறந்தவன். அப்பா காலம் வரைக்கும் மணிலாக் கடலை போட்ட குடும்பம். பிறகு வீட்டுக்கு ஒருவர் பக்கத்து ரசாயனக் கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனார்கள். இவனும் கொஞ்ச நாள் டிரம் உருட்டினான். அப்புறம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெரிய துணிக்கடை முதலாளி இவன் உடம்பைப் பார்த்துவிட்டு, வாசலில் நில் என்று யூனிபாரம் தைத்துக் கொடுத்தார். தீபாவளிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும், கைக்குழந்தையோடு வரும் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிடுவதும்தான் மாவட்ட சாம்பியனுக்கு ஊர் கொடுத்த உத்தியோகம்.

இளவரசுவை அவன் முதலில் பார்த்தது இப்படி ஒரு வாக்கோவர் நாளில்தான். மைதானத்துப் படிக்கட்டில் பதக்கத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவு மாதிரி ஒரு ஆள் வந்து எதிரே நின்றார். விரல்களில் வார்னிஷ் கறை. சிதம்பரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தவர்.

"நான் இளவரசு. சிதம்பரம். ஒனக்கு முன்னாடி இந்த மெடல வாங்கிக்கிட்டிருந்த ஆளு."

"கேள்விப்பட்டிருக்கேண்ணே."

"இன்னா கேள்விப்பட்ட? நான் எவனையாவது அடிச்சேன்னு யாராவது சொன்னானா?"

சடையப்பன் நகர்ந்து அவருக்கு இடம் விட்டான்.

"சொல்லியிருக்க மாட்டான். நான் எவனையும் அடிச்சதில்ல. எனக்கும் எதுத்தாப்ல ஸ்டூலுதான்" என்று சொல்லி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவர் கதை இவன் கதையைவிட மோசம். மாவட்டத்தில் ஆள் இல்லாவிட்டால் என்ன, மாநிலப் போட்டியில் இருப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். அவரும் அப்படித்தான் நினைத்துப் பெட்டி கட்டினார். ஒரு வருஷம் வெள்ளத்தில் தண்டவாளம் மூழ்கி ரயில் போகவில்லை. இன்னொரு வருஷம் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் அப்பா தவறிவிட்டார். மூன்றாவது தடவை சென்னை வரைக்கும் போய்ச் சேர்ந்தார். எதிராளிக்கு மஞ்சள் காமாலை. அங்கேயும் கையைத் தூக்கிவிட்டார்கள். மறுநாள் சங்கத்து ஆட்களுக்குள் ஏதோ தகராறு, போட்டியையே நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு தங்கையையும் கடையையும் பார்க்க வேண்டியிருந்தது. விளையாடும் வயசு போய்விட்டது. குத்துச்சண்டைக்காரன் என்று ஊர் முழுக்கப் பெயர் வாங்கிய மனிதர், மேடையில் ஒரு ஆளுக்கு அடி கொடுத்ததும் இல்லை, ஒரு ஆளிடம் வாங்கியதும் இல்லை.

சடையப்பன் சென்னைக்குப் போய் ஒரே ஒரு தடவை நிஜமாக மோதியிருந்தான். போலீஸ் அணிக்காரன் ஒருவன் விலாவில் விட்ட குத்தில் முதல் ரவுண்டிலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டான். அதை அவன் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். இளவரசு முகத்தைக் கிட்டே கொண்டுவந்து கேட்டார்.

"எப்படி இருந்திச்சி?"

"எதுண்ணே?"

"அந்த அடி."

"மூச்சே நின்னு போச்சிண்ணே."

இளவரசு அவன் விலாவைக் கண்ணால் அளந்தார். பிறகு, "குடுத்து வெச்சவன்டா நீ" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. பொறாமையோடு சொன்னார்.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆரம்பித்த பேச்சு வருஷக்கணக்கில் ஓடியது. உலகத்து ஹெவிவெயிட் சாம்பியன்களில் யார் பெரியவன்? அந்தக் காலத்துக்காரன் இந்தக் காலத்துக்காரனோடு மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பான்? வேலைவெட்டி இல்லாதவர்கள் பேச்சு என்று டீ மாஸ்டர் நினைத்தார். சொல்லவும் செய்தார். அவருக்கு எங்கே தெரியும்? தன் காலத்தில் எதிராளி கிடைக்காதவன் வேறு காலத்தில்தான் தேட வேண்டும். இரண்டு பேரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

இளவரசுவுக்கு ஜோ லூயிஸ். சடையப்பனுக்கு டைசன்.

"இருவது வயசுல பட்டம் வாங்கினவருண்ணே. அவரு ஏறி வர்றதப் பாத்தே பாதிப் பேரு தோத்துட்டான்" என்பான் சடையப்பன்.

"பாத்தே தோத்தான்னா அது எனக்கு வந்த மாதிரி வாக்கோவர்தான? அதுல இன்னா பெரும? லூயிஸு ஷ்மெலிங்கிட்ட விழுந்தாரு. ரெண்டு வருஷம் கழிச்சி அதே ஆளக் கூப்ட்டு மொத ரவுண்டுலயே படுக்க வெச்சாரு. ஒங்க ஆளு டோக்கியோவுல விழுந்தாரே, திரும்ப அந்த டக்ளஸோட ஏறினாரா?"

"லூயிஸு எடை இன்னா? இப்ப இருக்கிறவனுங்க அவர விட அரை மூட்ட ஜாஸ்தி. மார்சியானோவ இன்னிக்கு நிறுத்தா ஹெவிவெயிட்டுலயே சேக்க மாட்டான்."

"நிறுக்கிறதுக்கு அவுரு இன்னா கத்திரிக்காயா? அப்பல்லாம் பதினஞ்சு ரவுண்டு. இப்ப இருக்கிற தடியனுங்கள பதினஞ்சு ரவுண்டு நிக்கச் சொல்லு பாப்போம்."

ஷ்மெலிங் எப்படி லூயிஸைச் சாய்த்தான் என்பதை இளவரசு எழுந்து நின்று செய்தே காட்டுவார். லூயிஸ் இடது கையால் குத்திவிட்டு அந்தக் கையைத் திரும்ப மேலே தூக்காமல் தொங்கவிடுவார். அந்தக் கண்சிமிட்டும் நேரத்தைப் பார்த்துவைத்திருந்தவன் வலது கையை உள்ளே இறக்கினான். செய்து காட்டும்போது டீ கிளாஸ் ஒன்றிரண்டு உடையும். மாஸ்டர் அதற்குக் காசு கேட்க மாட்டார். இளவரசு ஆள் அவ்வளவு பெரியவர்.

முன்பு ஒரு காலத்தில் அலியையும் மார்சியானோவையும் கேமரா முன்னால் நிறுத்தி, யார் ஜெயிப்பார் என்று கம்ப்யூட்டரைக் கேட்டுச் சண்டை மாதிரி படம் பிடித்தார்கள். படம் வெளியே வருமுன்னே மார்சியானோ விமான விபத்தில் போய்விட்டார். சடையப்பன் அதைப் போனில் போட்டுக் காட்டினான். இளவரசு பாதியிலேயே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நடிக்கிறாங்க. இதுக்கு ரெண்டு பேரும் மோதாமயே இருந்திருக்கலாம்."

"தெரிஞ்சிக்கலாமேன்னுதாண்ணே..."

"இதுல இன்னா தெரியும்? நெஜமா மோதினது தெரியும். லூயிஸுக்கு வயசாயிடுச்சி. மார்சியானோ சின்னப் புள்ளயிலேர்ந்து அவரையே பாத்து வளந்தவன். ரெண்டு பேரையும் ஒரே மேடையில வுட்டாங்க. அடிச்சிக் கயித்துக்கு வெளிய தள்ளிட்டான். அப்புறம் ரூமுக்குப் போயி அழுதான்."

"பாவம்ணே. அவ்ளோ மரியாத வெச்சிருந்தவன் அடிச்சிருக்கக் கூடாது."

"அடிச்சான் பாரு, அதுதான்டா மரியாத. அவன் அடிக்காம வுட்டிருந்தா லூயிஸு அழுதிருப்பாரு."

இதை சடையப்பன் காதால் கேட்டான். தலையையும் ஆட்டினான். அப்புறம் இன்னொரு டீ சொன்னான்.

இரண்டு வருஷத்துக்குள் இளவரசு தன் தங்கை பவானியை அவனுக்கே கொடுத்தார். துணிக்கடை வாசலில் நிற்பவனுக்கா என்று சொந்தக்காரர்கள் முனகினார்கள். "எனக்குப் பேச ஒரு ஆளு வேணும்" என்று இளவரசு சொன்னதாகப் பவானி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். கல்யாண மண்டப வாசலில் மச்சான்தான் மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிட வேண்டும். அவ்வளவு பெரிய உடம்பை மடக்கிக் குனிந்து, செம்புத் தண்ணீரை ஊற்றி, விரல் இடுக்கு வரைக்கும் தேய்த்துக் கழுவினார் இளவரசு. நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே நிமிராமலே சொன்னார்: "அலி காலு எப்பிடி ஓடும் தெரியுமில்ல? ஒங்காலு கல்லுக்கால் மாரி கீது மாப்ள. ரெண்டு ரவுண்டு தாங்காது." சடையப்பன் சிரித்துவிட்டான். அவனுக்குக் கால் கழுவிவிட்டவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் இளவரசு தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டுவருவார். புதுப்பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை எல்லாவற்றையும் பவானி கையில் கொடுத்துவிட்டு, கால் அலம்பக்கூட நேரமில்லாமல் ஆரம்பித்துவிடுவார். ஃபோர்மேன், ஹோம்ஸ், இப்போதைய உசிக் வரைக்கும் வந்துபோவார்கள். சாப்பாடு ஆறும். பவானி தன் பெண் குழந்தை இளமதியைத் தூக்கி இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார வைத்துவிட்டுப் போவாள். வாட்டசாட்டமான இரண்டு ஆண்கள் செத்துப்போன வெள்ளைக்காரனுக்கும் கறுப்பனுக்குமாக அடித்துக்கொள்வதை அந்தப் பெண் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தது.

ஒருவர் மேல் ஒருவர் கை வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் இளவரசுவுக்கு மட்டும் இருந்தது. ஜாடையாகச் சொல்வார். மாப்பிள்ளையும் மச்சானும் குத்திக்கொண்டால் ஊர் சிரிக்காதா என்று சடையப்பன் மழுப்பிவிடுவான்.

இரண்டு பொங்கலுக்கு முன்னால் குடிகாட்டு இளைஞர் மன்றத்து ராஜ்கமல் வந்தான். திருப்பாதிரிப்புலியூரில் ஜிம் நடத்துகிறவன், எதையும் பேனர் கண்ணோடு பார்ப்பவன். காணும் பொங்கல் அன்றைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் உறியடி, கோலப்போட்டியோடு ஒரு குத்துச்சண்டையும் வைக்கலாம் என்றான். அந்தக் கால சாம்பியனும் இந்தக் கால சாம்பியனும் மோதுகிறார்கள். இந்தக் கால சாம்பியனுக்கே தலை நரைக்க ஆரம்பித்திருந்தது என்பது வேறு விஷயம். சடையப்பன் தட்டிக் கழிப்பதற்குள் ராஜ்கமல் சிதம்பரத்துக்குப் போன் போட்டுவிட்டான். அந்தப் பக்கம் இளவரசு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மறுநாளிலிருந்து இளவரசுவின் மனைவி பொன்னி போன் மேல் போன் செய்தாள்.

"தம்பி, ஒங்க மச்சான் காலையில எழுந்து ரத வீதியச் சுத்தி ஓடுறாரு. கோயிலுக்கு வர்றவுங்கல்லாம் நின்னு பாக்குறாங்க. சக்கர உள்ள ஒடம்பு. நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னா கேப்பாரா அக்கா?"

"நாப்பத்தஞ்சு வயசுல எவனோ ஜெயிச்சானாமே, அவன் பேரச் சொல்லிக்கிட்டு ஓடுறாரு."

அது ஃபோர்மேன். நாற்பத்தைந்து வயசில் திரும்ப வந்து பட்டத்தைப் பிடித்தவர். இளவரசு ஐம்பதைத் தாண்டியிருந்தார். ஆனாலும் தொப்பை கரைந்தது. முகத்தில் ஒரு களை வந்தது. போட்டிக்கு முந்தின வாரம் அவரே கூப்பிட்டார்.

"மாப்ள, ஒண்ணே ஒண்ணு. மாப்ள மச்சான்ங்கறத கயித்துக்கு வெளிய கழட்டி வெச்சிட்டு ஏறணும்."

"சரி மச்சான்."

"இந்தச் சரி வேணாம். நெஜமா அடிப்பியா?"

"அடிப்பேன்."

"நான் விழுந்தாலும் பரவால்ல. அது என்னோடதா இருக்கட்டும். இன்னா?"

"அடிப்பேன் மச்சான். சத்தியமா."

போனை வைத்தால் பக்கத்தில் பவானி நிற்கிறாள். "எங்க அண்ணனுக்கு சுகரு எவ்ளோ கீதுன்னு ஒங்களுக்குத் தெரியும்" என்றாள். அடுப்படிக்குப் போய் வேண்டுமென்றே பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள். சடையப்பன் யூனிபாரத்தை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிப் போனான்.

காணும் பொங்கல் மத்தியானம் மைதானம் நிறைந்துவிட்டது. மூங்கில் நட்டுக் கயிறு கட்டி, மேடை மேல் பந்தல்காரன் கொடுத்த ஜமக்காளத்தை விரித்திருந்தார்கள். எதிர்மூலையில் இளவரசு இருந்தார். சடையப்பன் அந்த மூலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே ஒரு ஆள் இருப்பதைப் பார்க்க அவனுக்கே சந்தோஷமாக இருந்தது. மணி அடித்ததும் மச்சான் வந்த வேகம் அவன் எதிர்பார்க்காதது. இடது கை பாம்பு மாதிரி வந்து மூக்கில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வலித்தது. இது விளையாட்டு இல்லை, மனிதர் நிஜமாகவே குத்துச்சண்டைக்காரர். வருஷக்கணக்காக டீக்கடையில் வாயால் சண்டை போட்ட ஆளுக்குள்ளே இவ்வளவு நாள் ஒரு நல்ல ஆட்டக்காரர் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். சடையப்பனும் திருப்பிக் கொடுத்தான். தோளில் ஒன்று, வயிற்றில் ஒன்று. இளவரசு வாய்க்குள் கடித்திருந்த பல்காப்பு தெரியச் சிரித்தார். அந்த மாதிரி அவர் சிரித்து அவன் பார்த்ததே இல்லை.

இரண்டாவது ரவுண்டில் அவன் அதைப் பார்த்தான். குத்திவிட்டு இடது கையைத் தொங்கவிட்டார் மச்சான். லூயிஸையே பார்த்துப் பார்த்து லூயிஸின் தப்பையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை குத்தினார், இன்னொரு தடவை கை தொங்கியது. தாடை முழுசாகத் திறந்து கிடந்தது. சடையப்பனின் வலது கை தானாகவே கிளம்பிவிட்டது. பாதி வழியில் அவன் கண்ணில் பட்டவை இரண்டு. ஒன்று, கயிற்றுக்கு வெளியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்ற பவானி. இன்னொன்று, வியர்வையில் நரைமுடி ஒட்டிக் கிடந்த மச்சானின் குனிந்த தலை. மண்டப வாசலில் அவன் மேலேயிருந்து பார்த்த அதே தலை. கால் கழுவிவிட்டவரின் முகத்தில் எப்படிக் குத்துவது? கை நின்றுவிட்டது. அடுத்து இளவரசு விட்ட குத்து நெஞ்சில் பட்டும் படாமலும் விழுந்தது. சடையப்பன் கால் தடுமாறினான். ஜமக்காளத்தில் உட்கார்ந்தான். நடுவர் எண்ணினார். அவன் தலையைத் தொங்கப்போட்டபடி எண்ணி முடிக்கட்டும் என்று இருந்தான்.

விசில் பறந்தது. ராஜ்கமல் மைக்கில் கத்தினான். நடுவர் இளவரசுவின் கையைத் தூக்கினார். சடையப்பன் எழுந்து கட்டிக்கொள்ளப் போனான். மச்சானின் உடம்பு மரக்கட்டை மாதிரி நின்றது.

உடை மாற்ற ஐந்தாம் வகுப்பு அறையைக் கொடுத்திருந்தார்கள். இளவரசு சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து கைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். சடையப்பன் உள்ளே வந்து, "செம்ம அடி மச்சான்" என்றான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

"அந்த அடியில கொசுகூட சாவாது" என்றார். கட்டுத்துணியைச் சுருட்டினார். "வாழ்நாள்ல ஒரே ஒரு தடவ, எதுத்தாப்ல ஒரு ஆளு வந்துட்டான்னு நெனச்சேன். கடைசில நீயும் வரல மாப்ள."

மன்றத்தார் தட்டில் வைத்துக் கொடுத்த சால்வையை பெஞ்சிலேயே விட்டுவிட்டு, தங்கை வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

சண்டை போட்டுப் பேச்சை முறித்திருந்தால் யாராவது நடுவில் புகுந்து சேர்த்து வைத்திருப்பார்கள். இளவரசு அப்படிச் செய்யவில்லை. முறையில் ஒரு குறை வைக்கவில்லை. மறு பொங்கலுக்குச் சீர் வந்தது. பானை, கரும்பு, மஞ்சள், புடவை. "வாங்க மாப்ள, நல்லாருக்கீங்களா? வேல எப்படிப் போவுது?" என்று எழுந்து நின்று கேட்டார். அதுவரைக்கும் அவனை ஒருமையில் வைதுகொண்டிருந்த மனிதர். சடையப்பன் ஆசையாக ஒரு தூண்டில் போட்டுப் பார்த்தான். "லூயிஸு மட்டும் இன்னிக்கு இருந்தா உசிக் கிட்ட ஒரு ரவுண்டு தாங்க மாட்டாரு மச்சான்." பழைய இளவரசுவாக இருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார். இவர், "இருக்கலாம் மாப்ள. எனக்கு அதெல்லாம் எங்க தெரியுது" என்று சொல்லி, ரசத்தைக் கொஞ்சம் விட்டுக்கொண்டார். அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு சடையப்பன் பின்கட்டில் நின்று அழுதான். பவானி பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அண்ணனை அடிக்காதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டவள் அவள். அண்ணன் அடி வாங்கியிருந்தால் தைலம் தேய்த்து ஒரு வாரத்தில் ஆற்றியிருப்பாள். இதற்குத் தேய்க்க என்ன இருக்கிறது?

அந்த வருஷம் ஆடியிலேயே இளவரசுவுக்குச் சர்க்கரை கிட்னியைத் தொட்டுவிட்டது. டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். சடையப்பன் லீவு கிடைத்தபோதெல்லாம் சிதம்பரத்துக்கு ஓடினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவரை முதலில் அவனால் அடையாளம் காண முடியவில்லை. கதவு மாதிரி இருந்த ஆள் கட்டிலில் பாதி இடத்தைக்கூட அடைக்கவில்லை. போகும்போதெல்லாம் "உக்காருங்க மாப்ள. பொன்னி, மாப்ளைக்கு டீ வாங்கியா" என்பார். டீ வரும். குடிப்பான். மழை, விலைவாசி, இளமதி படிப்பு என்று பேசுவார்கள். சொந்தக்காரர்கள் பேசுவது மாதிரியே பேசினார்கள். சடையப்பனுக்கு அதுதான் தாங்கவில்லை.

கடைசியாகப் போன தடவை பொன்னி மாத்திரை வாங்க வெளியே போயிருந்தாள். சடையப்பன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததைச் சொன்னான்.

"மச்சான், ஒங்க எடக்கை எறங்குது."

இளவரசு கண்ணைத் திறந்தார்.

"குத்திட்டு தொங்க வுடுறீங்க. லூயிஸு மாரியே. ரெண்டாவது ரவுண்டுல ரெண்டு தடவ பாத்தேன். என் ரைட்டு பாதி தூரம் வந்துடுச்சி. வுட்டிருந்தா நீங்க எழுந்திருக்க மாட்டீங்க. நான்தான் ஜெயிச்சிருப்பேன்."

சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். சாகக் கிடப்பவரிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் இளவரசுவின் முகம் மாறியது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தார். கண்ணில் டீக்கடை இளவரசு வந்து நின்றார்.

"போடா" என்றார். மூச்சு வாங்கியது. "தொங்க வுட்டது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஷ்மெலிங் கதைய ஒனக்குச் சொன்னவனே நான்தான். நீ ரைட்டு போடுவன்னுதான் தொங்க வுட்டேன். போட்டிருந்தா குனிஞ்சி, விலாவுல குடுத்திருப்பேன். நீதான் விழுந்திருப்ப."

"குனிஞ்சிருக்கவே முடியாது மச்சான். அந்த முட்டியோட குனிவீங்களா?"

"குனிஞ்சிருப்பேன்."

"முடியாது."

"போட்டுப் பாத்திருக்கணும்டா" என்றார் இளவரசு. அந்த வெளிச்சம் அப்படியே முகத்திலிருந்து இறங்கிப்போனது. தலை மறுபடி தலையணையில் விழுந்தது. "போட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

சடையப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஊசி குத்திக் குத்தி நீலம் பாய்ந்த கை. அவர் இழுத்துக்கொள்ளவில்லை. பொன்னி மாத்திரையோடு வந்தபோதும் சடையப்பன் அந்தக் கையை விடவில்லை.

புரட்டாசி பிறந்த இரண்டாம் நாள் இளவரசு போய்விட்டார். பவானியைக் கூட்டிக்கொண்டு, கோடித்துணியும் மாலையும் வாங்கிக்கொண்டு சடையப்பன் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பறை முழங்கிக்கொண்டிருந்தது. கோடியைப் போர்த்திவிட்டு, வெளியே பிளாஸ்டிக் சேரில் வந்து உட்கார்ந்தான். எடுக்க நேரம் இருந்தது. சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆண்கள் செத்தவரைப் பற்றிப் பேச வேண்டும், பேசினார்கள். கடைத்தெருக்காரர்கள், மெக்கானிக்குகள், குடிகாட்டிலிருந்து வேன் வைத்து வந்தவர்கள். பேச்சு எப்படியும் அங்கேதான் வரும், வந்தது.

"குத்துச்சண்டையில ஆளு கில்லாடி. அம்பது வயசுல நம்ம சடையப்பனையே சாச்சிப்புட்டாரே."

"அட, அது மாப்ள வுட்டுக் குடுத்தது. ஊருக்கே தெரியும்."

"யாரு சொன்னா? நான் முன் வரிசையில நின்னேன். மூக்குல ஒண்ணு வுட்டாரு பாரு."

"ரெண்டு பேருல யாரு பெரிய ஆளுன்னு அவுரையே கேளேன். தோ, உக்காந்திருக்காரே."

எல்லோரும் திரும்பினார்கள். சடையப்பன் எழுந்து நின்றான். மச்சான்தான் பெரியவர் என்று சொன்னால் இன்னொரு தடவை ஜமக்காளத்தில் போய் உட்கார்ந்த மாதிரி. நான்தான் என்றால் உள்ளே படுத்திருப்பவருக்குப் பதில் சொல்ல வாய் இல்லை. லூயிஸுக்கும் அலிக்கும் நடுவே முப்பது வருஷம் கிடந்தது. யார் என்ன செய்ய முடியும்? இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கை தூரம்தான் கிடந்தது. அந்தத் தூரத்தைப் பாதி கடந்து வந்த கை இதோ இப்போது இவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"தெரியாதுங்க" என்றான்.

"இன்னாப்பா, நீங்க ரெண்டு பேருந்தான மோதினீங்க? ஒனக்கே தெரியாதா?"

"எனக்குத் தெரியாதுங்க" என்று திரும்பவும் சொன்னான் சடையப்பன். அதற்குள் எடுக்க வரச் சொல்லி உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.